சயாமுக்குப் போன சம்மனசு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் கோயிலுக்குப் புதிதாக வந்திருக்கிற இளம் சாமியார் காவல் தூதர்களைப் பற்றிப் பிரசங்கம் வைத்தார். நீங்களும் இருந்தீர்கள். ஆளுக்கு ஒரு தூதர் உண்டு, சின்னக் குழந்தையைப் போல நம்பி இருந்தால் போதும் என்று அழகாகத்தான் சொன்னார். நாம் எல்லோரும் தலையாட்டினோம். பூசை முடிந்து வெளியே கூடாரத்தில் காப்பி குடிக்கும்போது, "ஏன் ஒண்ணும் பேசாம இருக்கீங்க?" என்று உங்களில் ஒருவர் என்னைக் கேட்டார். முழங்கால் வலி என்றேன். அது பொய்யில்லை. எந்நேரமும் வலிக்கிறது.

சொல்லாமல் விட்டதை இங்கே எழுதிவிடுகிறேன். ஜப்பான்காரன் காலத்தில் பிள்ளைகளாக இருந்தவர்கள் நம்மில் இனி எத்தனை பேர்? இதையெல்லாம் விளக்காமலே புரிந்துகொள்ள உங்களை விட்டால் எனக்கு ஆளில்லை. என் பேரப்பிள்ளைகளுக்கு மரவள்ளிக்கிழங்கு என்றால் தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டுத் தின்கிற பலகாரம். அங்கிருந்து ஆரம்பித்து அவர்களுக்குச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

அப்போது தூதர் என்று யாரும் சொல்லமாட்டோம். சம்மனசு என்போம். லூனாஸ் ஊருக்கு உள்ளே தள்ளி இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் எங்கள் லயம், கூலிக்காரர் வரிசை வீடுகள். முழுக்க முனியாண்டியும் மாரியம்மனும் கும்பிடுகிற ஜனங்கள். நடுவில் வேதக்காரர் வீடுகள் சில. எங்களுக்கென்று அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட ஒரு சின்னக் கோயில். சாமியார் பட்டணத்திலிருந்து மாதம் ஒருமுறை வந்துகொண்டிருந்தார். சண்டை வந்ததும் அவரைப் பிடித்து அடைத்துவிட்டார்கள் என்று சொன்னார்கள். அதற்குப் பிறகு எல்லாமே உபதேசியார்தான். ஜெபம் சொல்வார், பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக் கொடுப்பார், செத்தவர்களைப் புதைப்பார். வார நாளில் அவரும் எங்களைப் போலக் கிழங்குக் கொல்லையில் மண் வெட்டினார்.

கோயிலில் ஒரு படம் மாட்டியிருந்தது. ஒரு பையனும் பெண்ணும் ஒடிந்த பலகைப் பாலத்தில் நடந்துபோகிறார்கள், கீழே ஆறு. பின்னால் பெரிய சிறகோடு சம்மனசு. அந்தப் பிள்ளைகள் காலில் சப்பாத்து இருந்தது. சப்பாத்துப் போட்ட பிள்ளைகளுக்குத்தான் சம்மனசு என்று நான் நினைத்திருந்தேன். உபதேசியாரிடம் கேட்டபோது, "வெறுங்கால் புள்ளைக்கும் உண்டு. முள்ளு குத்துறது அதுங்களுக்குத்தானே" என்றார். எனக்கு ஏழு வயதோ எட்டு வயதோ. அன்றிலிருந்து எனக்கு ஒன்று இருந்தது. படுக்கும்போது பாயில் அதற்கு இடம் விட்டுப் படுப்பேன். அம்மா திட்டுவாள், ஏன் சுவரில் ஒட்டிக்கொண்டு கிடக்கிறாய் என்று.

எங்கள் வீட்டில் ஆம்பளைகள் இரண்டு பேர். அப்பா ஒருவர், அம்மாவின் தம்பியான மாமா ஒருவர். மாமாவுக்கு இருபது வயது இருக்கும். கைகளை ஊன்றி, கால்களை மேலே தூக்கிக்கொண்டு லயத்து வாசல் நெடுக நடப்பார். சட்டை கழுத்துக்கு வந்துவிடும், விலா எலும்பெல்லாம் தெரியும். குளிர்காய்ச்சல் வந்து வந்து போய்க்கொண்டிருந்த உடம்பு. தோட்டத்து ஆஸ்பத்திரியில் முன்பு கொடுத்த கசப்பு மாத்திரை அந்த வருஷம் கிடைக்கவே இல்லை.

ஒரு நாள் காலைப் பெரட்டில், ஆள் கணக்கெடுக்கும்போது, கங்காணி சொல்லிவிட்டார். சயாமில் ரயில் பாதை போடுகிறார்கள், ஆள் வேண்டும். ரெண்டு ஆம்பளை உள்ள வீட்டில் ஒரு ஆம்பளை. மூணு மாசத்தில் திரும்பிவிடலாம், அரிசி கிடைக்கும், துணி கிடைக்கும். எங்கள் வீட்டுக்கு அவர் சொன்ன பெயர் மாமாவுடையது.

அன்று சாயங்காலம் அம்மா கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். அப்பா வாசற்படியில் உட்கார்ந்து ரப்பர்ப் பால் வெட்டும் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். பால் வெட்டி எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. ஆனாலும் அதைத் தீட்டுவார். மாமா உள்ளே சாக்கைப் போர்த்திக்கொண்டு நடுங்கிக் கிடந்தார்.

"அவன் போனா திரும்பி வரமாட்டான்" என்றாள் அம்மா.

அப்பா கத்தியைத் திருப்பிப் பிடித்துத் தீட்டினார்.

"உங்க உடம்பு தாங்கும். நீங்க போனா வந்துருவீங்க. மூணு மாசந்தானே."

"கங்காணி அவன் பேரைத்தான் சொன்னாரு."

"ஆளு கணக்குத்தான் அவருக்கு. யாரு போனா அவருக்கு என்ன? நீங்க சொன்னா கேப்பாரு." அம்மா கிழங்கைக் கீழே வைத்துவிட்டாள். "எங்கம்மா சாகும்போது அவனை என் கையில குடுத்துட்டுப் போனாங்க. உங்களுக்குத் தெரியாதா?"

அப்பா கத்தியைத் துணியில் துடைத்து, கூரையில் செருகினார். "சரி" என்றார். அவ்வளவுதான். அப்பா எதற்கும் அதிகம் பேசுகிறவர் இல்லை.

இப்போது என் வயதில் நின்று பார்க்கிறேன். அம்மா கணக்குப் போட்டது தப்பா? உள்ளதை வைத்துத்தான் போட்டாள். பலமான உடம்பு தாங்கும், சீக்குடம்பு தாங்காது. நம்மில் யாராக இருந்தாலும் அப்படித்தான் போட்டிருப்போம். சயாம் எப்படிப்பட்ட இடம் என்று யாருக்குத் தெரியும்? கங்காணிக்கே தெரியாது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

லாரி வந்த காலையில் பெரட்டுக் களத்தில் ஒரே கூட்டம். பக்கத்து வீட்டு அக்காவின் வீட்டுக்காரரும் அந்த லாரியில்தான் போனார். அவர் வீட்டில் வேறு ஆம்பளை கிடையாது. ஆனால் கங்காணியிடம் ஒருமுறை எதிர்த்துப் பேசியிருந்தார். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத அந்த அக்கா என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். லாரியில் எண்ணெய்க்குப் பதிலாக எதையோ ஊற்றி ஓட்டினார்கள். கருகிய கிழங்கு மாதிரி ஒரு நாற்றம். அப்பா பின்பக்கம் ஏறி நின்று என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினார்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. நான் ஒரு அடி நகர்ந்து வழி விட்டேன். "போ. அப்பா கூடப் போ" என்றேன்.

அக்கா காதில் விழுந்துவிட்டது. "என்ன பாப்பா முணுமுணுக்கிற?"

"என் சம்மனசை அப்பாகூட அனுப்புறேன்."

வேறு யாராவது என்றால் சிரித்திருப்பார்கள். அக்கா குனிந்து என் முகத்துக்கு நேராக வந்தார். கண் வீங்கியிருந்தது. "எங்க முனியாண்டிக்கு இந்தத் தோட்டத்து எல்லை தாண்டிப் போகத் தெரியாது பாப்பா. உன்னுதுகிட்ட எங்க வீட்டுக்காரரையும் சேத்துப் பாத்துக்கச் சொல்றியா?"

சொன்னேன். லாரி கிளம்புவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று சத்தமாகவே சொன்னேன்.

அதன் பிறகு எனக்குக் காவல் இல்லை. இதை நீங்கள் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் விளையாடவில்லை. சம்மனசு போய்விட்டது எனக்கு உடம்பில் தெரிந்தது. ஈரத்துணியைக் கழற்றிய மாதிரி முதுகில் ஒரு குளிர். இனி நானேதான் என்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மரத்தடியில் நடக்கும்போது கிளையைப் பார்த்து நடந்தேன். லாலாங் புல்லுக்குள் காலே வைக்கமாட்டேன், பாம்பு இருக்கும். கொல்லைக்குப் போகிற வழியில் ஓடைக்குக் குறுக்கே ஒரு மரத்துண்டு கிடந்தது, அதுதான் பாலம். முன்பு அதில் ஓடுவேன். இப்போது இக்கரையிலேயே நின்றுவிட்டேன்.

அம்மாவுக்கு என்ன தெரியும்? அப்பா இல்லாமல் தனியாகக் கொல்லையில் வெட்டி, கிழங்கு சுமக்க என்னையும் நம்பியிருந்தவள். "வேலைக்குப் பயந்து நடிக்கிறியா?" என்று கன்னத்தில் அறைந்தாள். அறை வாங்கியும் நான் பாலத்தில் ஏறவில்லை. விஷயம் தெரிந்த ஒரே ஆளான பக்கத்து வீட்டு அக்கா அப்போது கொல்லையில் இல்லை. மற்றப் பெண்கள் கூடிவிட்டார்கள். புள்ளை எதையோ பார்த்துப் பயந்திருக்கிறது, திருநீறு போட வேண்டும் என்றார்கள். அம்மா என்னை உபதேசியாரிடம் இழுத்துக்கொண்டு போனாள். அவர் என் தலையில் தீர்த்தம் தெளித்து, பசாசை விரட்டுகிற ஜெபம் சொன்னார். எனக்குள் பசாசு புகுந்திருக்கும் என்று அவர் பயந்தது முகத்தில் தெரிந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஞானோபதேசத்தில் நானே எழுந்து கேட்டேன்.

"ஒருத்தர் சம்மனசை இன்னொருத்தருக்குக் குடுக்கலாமா?"

"இரவல் குடுக்க அது என்ன பாராங் கத்தியா?" என்றார் உபதேசியார். பிள்ளைகள் சிரித்தார்கள். "ஆளுக்கு ஒண்ணு. சர்வேசுரன் வச்ச இடத்துல அது நிக்கும். உன்னை விட்டு இம்மி நகராது."

நான் உட்கார்ந்துவிட்டேன். அவரை நம்பவில்லை. என் முதுகில் குளிர்ந்தது அவருக்குத் தெரியாதே. அவரும் ஏன் கேட்கிறாய் என்று என்னைக் கேட்கவில்லை. யாருமே கேட்கவில்லை.

கேட்டது மாமாதான். ஒரு மத்தியானம், அம்மா கொல்லைக்குப் போயிருந்தாள். காய்ச்சல் விட்டு, மாமா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ரப்பர் கொட்டையை வறுத்து, விஷம் போக ஊறவைத்துத் தின்ன ஆரம்பித்திருந்த சமயம் அது. அதை உரித்து எனக்குக் கொடுத்துக்கொண்டே கேட்டார்: "ஏன் பாப்பா ஓடையைத் தாண்ட மாட்டேங்கிற? என்கிட்ட மட்டும் சொல்லு."

சொன்னேன். லாரி, சம்மனசு, அக்கா கேட்டுக்கொண்டது, எல்லாம்.

மாமா முதலில் சிரித்தார். பிறகு கொட்டையைக் கீழே வைத்துவிட்டு முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார். காய்ச்சல் மறுபடி வந்துவிட்டது என்று நினைத்து நான் சாக்கை எடுத்துவந்து போர்த்தினேன்.

"அத்தான் எனக்காகப் போனாரு. நீ அத்தானுக்காக அனுப்பிட்ட" என்றார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, தன் பழைய குரலில் பேசினார். "சரி, ஒண்ணு செய்வோம். எனக்கும் ஒண்ணு இருக்குல்ல? அத நீ வச்சிக்க."

"அப்ப உங்களுக்கு?"

"நான் எங்க போறேன்? வீட்டுக்குள்ளதானே படுத்துக் கெடக்கேன். எனக்கு எதுக்கு?"

"உபதேசியாரு குடுக்க முடியாதுன்னாரு."

"அவரு கெடக்காரு. நீ அனுப்பினதானே? போச்சுல்ல? அதே மாதிரிதான்." என் தோளைப் பிடித்துத் திருப்பி நிறுத்தினார். "போப்பா, புள்ளகிட்டப் போ" என்று என் முதுகுக்குப் பின்னால் யாரையோ பார்த்துச் சொன்னார்.

அன்று சாயங்காலமே நான் ஓடையைத் தாண்டிப்போய் அம்மா முன்னால் நின்றேன். அம்மா கிழங்குச் சாக்கை என் தலையில் ஏற்றிவிட்டாள். தீர்த்தம் வேலை செய்துவிட்டது என்று உபதேசியாருக்குச் சொல்லி அனுப்பினாள் என்று நினைக்கிறேன்.

மழைக்காலம் வந்ததும் மாமாவுக்குக் காய்ச்சல் விடவே இல்லை. நிலவேம்பைக் காய்ச்சிக் கொடுத்தார்கள், பப்பாளி இலையை இடித்துக் கொடுத்தார்கள். கண் மஞ்சளாகிவிட்டது. அம்மா மீதமிருந்த ஒரே நல்ல சேலையைக் கொடுத்து எங்கிருந்தோ இரண்டு மாத்திரை வாங்கிவந்தாள். அது வெறும் சுண்ணாம்புக் கட்டி. நாக்கில் வைத்ததும் மாமா சொல்லிவிட்டார், "கசக்கலையேக்கா" என்று.

அன்றைக்கு நான் அவர் காதுக்குப் பக்கத்தில் போய்ச் சொன்னேன். "மாமா, நீங்க எடுத்துக்குங்க. எனக்கு வேணாம். திருப்பி எடுத்துக்குங்க."

அவருக்குப் புரிந்தது. எனக்கு அதில் சந்தேகமே இல்லை. "நீயே வச்சிக்க பாப்பா" என்றார். உதட்டில் தோல் வெடித்திருந்தது. "கொல்லைக்குப் போகணும்ல நீ."

உபதேசியார் வந்து ஜெபமாலை சொன்னார். சாகிறவருக்கு அவஸ்தை எண்ணெய் பூசச் சாமியார் இல்லை. "கொழந்த அம்மா மடியில கெடக்குற மாதிரி எல்லாத்தையும் ஆண்டவர் கையில விட்டுருங்கம்மா" என்றார் அம்மாவிடம். அவரும் களைத்துப்போயிருந்தார். அந்த மாதம் அவர் புதைத்தவர்கள் கொஞ்சமில்லை.

"கொழந்த அழுதா அம்மா திரும்பிப் பாப்பாளே" என்றாள் அம்மா. "நான் எத்தன நாளா அழுவுறேன் ஐயா. யாரு பாத்தா?"

உபதேசியார் ஜெபமாலையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். அவர் பதில் சொல்லாததற்காக அன்று எனக்கு அவர்மேல் கோபம். இன்று கோபமில்லை. மாமா மறுநாள் விடிந்ததும் போய்விட்டார். பெட்டி செய்யப் பலகை இல்லை, சாக்கில் சுற்றித்தான் கோயிலுக்குப் பின்னால் வைத்தோம்.

அம்மா அதற்குப் பிறகு அப்பாவைப் பற்றிப் பேசுவதை நிறுத்திக்கொண்டாள். மூன்று மாதம் எப்போதோ கடந்திருந்தது. இன்னொரு மழைக்காலமும் போயிற்று. கோயில் படத்தைக் கறையான் தின்று, சம்மனசின் சிறகு இருந்த இடத்தில் ஓட்டை விழுந்தது. ஜப்பான்காரன் தோற்றுவிட்டான் என்று ஒருநாள் சொன்னார்கள். லயத்தில் யாரும் சந்தோஷப்பட்ட மாதிரி எனக்கு ஞாபகமில்லை. அரிசி வருமா என்றுதான் கேட்டார்கள்.

அப்பா வந்தது ஒரு மத்தியான வெயிலில். லூனாஸ் பக்கத்திலிருந்து நடந்தே வந்திருந்தார். எனக்கு அடையாளம் தெரியவில்லை. கணுக்காலில் வாழைச்சருகு வைத்துக் கட்டியிருந்தது, அதிலிருந்து வீச்சம் வந்தது. ஒரு கம்பை ஊன்றி வாசலில் நின்று கனைத்தார். அந்தக் கனைப்பு அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. உள்ளே இருந்து ஓடிவந்தாள்.

"தம்பி எங்க?" என்றார் அப்பா. முதலில் கேட்டதே அதைத்தான்.

அம்மா கதவைப் பிடித்துக்கொண்டாள். "போயிட்டான்."

"அவனையும் புடிச்சிட்டுப் போயிட்டாங்களா? சயாமுக்கா?"

"இல்ல. வீட்டுலயே. நீங்க கெளம்பின வருஷமே. காய்ச்சல்."

அப்பா மெல்ல வாசற்படியில் உட்கார்ந்தார். "அப்ப நான் போனது..." என்று ஆரம்பித்தவர் அதோடு நிறுத்திவிட்டார். அம்மா அந்த வாக்கியத்தின் மீதிக்காகக் காத்திருந்தாள். எனக்குத் தெரிந்து சாகும்வரை காத்திருந்தாள். அப்பா அதை முடிக்கவே இல்லை. அவர்கள் சண்டை போடவில்லை. அதன் பிறகு எனக்கு ஒரு தம்பி, ஒரு தங்கை பிறந்தார்கள். அப்பாவும் அம்மாவும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். ஆனால் அந்தப் பேச்சு இருவருக்கும் நடுவில் அப்படியே கிடந்தது.

பக்கத்து வீட்டு அக்கா தன் வாசலில் வந்து நின்றார். "அண்ணே" என்றார்.

அப்பா அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. "நல்ல மனுசன் தங்கச்சி" என்றார். "கடைசி வரைக்கும் என் பக்கத்துலதான் இருந்தாரு."

அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நான் அவர் கண்ணில் படாமல் ஒளிந்து திரிந்தேன். ஒருநாள் தண்ணீர்க் குழாயடியில் பிடித்துவிட்டார். "பாப்பா, அன்னைக்கு நீ சொன்னியா? ரெண்டு பேரையும் பாத்துக்கச் சொல்லி?"

"சொன்னேன்க்கா. சத்தமா சொன்னேன்."

"சரி." ஈரக் கையால் என் தலையைத் தடவிக் கொடுத்தார். "நீ சொன்னேல்ல. அது போதும்." பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு போனார். கொஞ்ச நாளில் பண்டார் பாருவில் இருந்த அவருடைய அண்ணன் வந்து அவரை அழைத்துக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

அப்பாவின் கால் புண் கொஞ்சம் ஆறியதும், மாமாவைப் புதைத்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்றார். அம்மா அசையவில்லை. "பாப்பா கூட்டிட்டுப் போவா" என்றாள். கோயிலுக்குப் பின்னால் போகிற பாதை சின்ன மேடுதான். நாம் ஏறிய மேடுகளில் அதெல்லாம் ஒன்றுமே இல்லை. அப்பா என் தோளில் கையை வைத்துக்கொண்டார். வெறும் எலும்புதான். ஆனாலும் நான் சாய்ந்துவிடுவேனோ என்கிற அளவுக்குக் கனத்தது. பாதி தூரத்தில் மூச்சு வாங்க நின்றார்.

எனக்கு அதற்குமேல் அடக்க முடியவில்லை. "அப்பா, நீங்க லாரியில போனப்ப என் சம்மனசை உங்ககூட அனுப்பினேன். வந்துச்சா?"

அப்பா என்னைப் பார்த்தார். அவர் சிரிப்பார் என்றோ, உபதேசியாரைப் போல முடியாது என்பார் என்றோ நினைத்தேன். ரப்பர் மரங்களுக்குள் பார்வையைத் திருப்பினார்.

"வந்துச்சு பாப்பா" என்றார். "ஆனா அங்க ரொம்பப் பேரு. ஒண்ணே ஒண்ணு, எத்தன பேரத்தான் பாக்கும் பாவம்."

சயாமைப் பற்றி அவர் அன்று என்னிடம் சொன்னது இவ்வளவுதான். கடைசிவரை அவ்வளவுதான்.

மாமாவின் குழிமேட்டில் புல் முளைத்திருந்தது. அப்பா அதன் ஓரத்தில் உட்கார்ந்து, கைக்கு எட்டிய புல்லைப் பிடுங்கினார். ஜெபம் எதுவும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த சின்ன ஜெபத்தை நான் சொன்னேன். வெயில் ஏறியது. கிளம்பலாம் என்று நான் கையை நீட்டினேன். அப்பா அதைப் பிடித்து எழுந்திருக்கப் பார்த்தார். இரண்டாவது தடவையும் பார்த்தார். முடியவில்லை. யாரையாவது கூப்பிட்டு வரட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம்" என்றார். "நீ இரு, போதும்."

அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவருக்குத் தெம்பு வரும்வரை அங்கேயே இருந்தோம்.